தலை சீவக் கையைத் தூக்கினால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்கிறான்

கேள்வி: ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்குப் பத்து மாதம். போன வாரம் கடைக்குக் கணக்கு ஒப்படைக்கப் போகிற நேரத்தில் பையன் ஓடிவந்து சுளகைத் தட்டிவிட்டான். தூளும் இலையும் தரையெல்லாம் சிதறிவிட்டன. அடித்துவிட்டேன். முதுகில் விரல் பதிந்துவிட்டது. மறுநாள் காலையில் தலை சீவக் கையைத் தூக்கினேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் கெட்ட தாயா? இந்தக் கோபத்தை எப்படி அடக்குவது?

பதில்:

பாப்பாக்குடி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இருபத்தாறு வருடம் கிராம சுகாதார செவிலியராக நடையாய் நடந்தவள் நான். உங்கள் சுளகையும் அது கவிழ்ந்த தரையையும் நேரில் பார்த்ததுபோலவே இருக்கிறது.

கெட்ட தாயா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். ஆம் என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் உங்கள் பையனுக்கு அதனால் காலணா பிரயோசனம் கிடையாது. அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இனி இந்தக் கை எப்போது உயர்ந்தாலும் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?

கோபத்தை அடக்க என்னிடம் மருந்தில்லை. மூச்சை இழுத்து விடுங்கள், பத்து வரை எண்ணுங்கள் என்பார்கள். தப்பில்லை, செய்து பாருங்கள். ஆனால் மடியில் பாதி முடிந்த ஆயிரம் பீடியும் இடுப்பில் அழுகிற பிள்ளையும் இருக்கிறவள் எந்தக் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள்? கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது. வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும் அல்லவா? கத்திய நாளிலும் கை ஓங்கிய நாளிலும் அந்தத் தாளில் பென்சிலால் நேரத்தை மட்டும் குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுதப் போனால் "அவன் பண்ணிய அட்டகாசம்" என்றுதான் எழுதுவோம். தாளைக் கிழித்துப் போடாமல் இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள்.

என்ன தெரியவரும் என்று ஓரளவுக்கு இப்போதே சொல்லிவிடுவேன். தெருத்தெருவாகத் தடுப்பூசிக்குப் போன காலத்தில், குழுக் கடனுக்கு வார வசூல் வருகிற நாளில் சில தெருக்களில் பிள்ளைகளின் அழுகைச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த நாளில் மட்டும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து குறும்பு செய்கிறார்களா என்ன? தவணைப் பணம் குறைகிற நாள், கணக்கு ஒப்படைக்கிற நேரம், இலை மோசமாக வந்து பாதி பீடியைக் கடையில் கழித்துவிட்ட நாள், இரவெல்லாம் கைக்குழந்தை தூங்கவிடாத மறுநாள். அடி விழுவது அன்றைக்குத்தான். பையன் சுளகைத் தட்டிவிட்டது காலை பத்து மணிக்கு என்றால் நீங்கள் திட்டிவிட்டுத் தூளை அள்ளியிருப்பீர்கள்.

இதை உங்களுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. அடித்தது அடித்ததுதான். ஆனால் வேலை செய்ய வேண்டிய இடம் உங்கள் பொறுமை இல்லை, கணக்கு ஒப்படைக்கப் போவதற்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரம்.

எனக்கும் ஒரு கதை உண்டு. 1996 வாக்கில் நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஆறு வீடு, நடுவில் ஒரு முற்றம், ஒரே அடிபம்பு. போலியோ சொட்டு மருந்து முகாம் முடிந்து அலுத்துக் களைத்து வருகிறேன். மறுநாள் மேலதிகாரியிடம் காட்ட வேண்டிய பதிவேட்டில் என் மகள் நீல மையால் கோழி வரைந்து வைத்திருக்கிறாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. கையில் கிடைத்த கரண்டிக் காம்பால் விளாசினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆச்சி வந்தாள். யார் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ போய் முகத்தைக் கழுவிவிட்டு ஒரு வாய் காப்பி குடி. இவள் என்னிடம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுத் தார்சாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிள்ளையைத் தந்தாள். அறிவுரை கிடையாது. பிற்பாடு குழந்தை வளர்ப்புப் பயிற்சிகளுக்குப் போய் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பிள்ளையை முதலில் அங்கிருந்து எடு, தாயை அடுத்துப் பார், தீர்ப்பை அப்புறம் சொல் என்று ஆச்சி அன்றைக்குச் செய்து காட்டியதற்கு மேல் ஒன்றும் கேட்டதாக நினைவில்லை.

இன்றைக்கு வளவுகள் இடிந்து தனித்தனி காம்பவுண்டாகிவிட்டன. ஆகவே ஆச்சியை நீங்கள்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். "அப்பப்போ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். நேரத்தையும் கைமாற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டு மதினியும் பீடி சுற்றுகிறவள்தானே? "சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை சின்னவளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இலையைக் காலையில் நான் வெட்டித் தருகிறேன்." இப்படிக் கேட்டால் மறுக்கமாட்டாள், அவளுக்கும் அது தேவையாகத்தான் இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: யாரிடம் விடுகிறோம் என்பதில் உறவு முறையை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் வீட்டுக்குப் போகப் பையன் காரணம் சொல்லாமல் அடம் பிடித்தால் அந்த அடத்தை மதியுங்கள். மாமாதானே, தாத்தாதானே என்று தள்ளிவிடாதீர்கள்.

காலை நேரமும் உங்கள் காலண்டரில் வரும் என்று நினைக்கிறேன். பையன் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான் என்றால், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு இருக்கிறது. பல வீடுகளில் இன்னும் பிள்ளையை வீட்டில்தான் சாப்பிடவைத்து அனுப்புகிறார்கள், பள்ளிச் சாப்பாட்டில் விட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று. நாலு பேர் நினைத்துவிட்டுப் போகட்டும். ஏழரை மணிக்கு இட்லியை வாயில் திணித்து, அவன் துப்பி, நீங்கள் கத்தி என்கிற அந்த அரை மணி நேரம் மொத்தமாகக் கழியும். சின்னவளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு வாங்குங்கள். இரண்டு வயது முடிந்ததும் அவளையே அங்கு விடலாம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு, பள்ளியில் கேட்டு விண்ணப்பியுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருகிறது என்றால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். நான் பார்த்த பல வீடுகளில் வந்த அன்றைக்கே தவணைக்குப் போய்விடுகிறது. தவணை வங்கிக்கும் குழுவுக்கும் என்றால் தேதியை மாற்றித்தரக் கேட்கலாம். மீட்டர் வட்டிக்காரருக்கு என்றால் அதற்குத் தமிழ்நாட்டில் 2003லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை வளர்ப்புக்கும் வட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வசூல் நாளின் அழுகையைக் கேட்டிருந்தால் கேட்கமாட்டீர்கள்.

இனி கைக்குழந்தை. நீங்கள் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. பத்து மாதப் பிள்ளை தவழும், கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும். சிதறிய புகையிலைத் தூள் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் நிகோடின் நஞ்சு ஏறலாம். வாந்தி, எச்சில் ஒழுகுதல், உடம்பு துவண்டுபோவது என்று கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சுற்றுகிற இடத்தைத் திண்ணையிலோ ஓர் அறையிலோ ஒதுக்கி, குறுக்கே ஒரு பெஞ்சையாவது போடுங்கள். சுளகு கவிழ்வதும் அதனாலேயே பாதி குறையும். பால் கொடுப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள் மகளே. அழுகையை நிறுத்த முடியாமல் ஆத்திரம் தலைக்கேறுகிறபோது கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கவே கூடாது. தலை கனம், கழுத்து பலமில்லை. சில நொடி உலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியும், கண் பார்வை போகும், உயிரும் போகும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று தோன்றினால் பிள்ளையைத் தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்கவையுங்கள். சுற்றிலும் தூளோ நூலோ அரிவாள்மனையோ இல்லை என்று பார்த்துவிட்டு, குரல் கேட்கும் தூரத்தில் வாசலில் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழட்டும். ஐந்து நிமிடம் அழுவதால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பச்சைப் பிள்ளை அழுகிறது, தாய் வாசலில் நிற்கிறாள் என்று தெரு பேசும். பேசட்டும்.

எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிற தாயிடம், சட்டென்று முகத்தைக் கல்போல வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டொரு நிமிடம்தான். குழந்தை சிரித்துக் காட்டுகிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குள் சுருங்கிவிடுகிறது. தாய் மறுபடி சிரித்ததும் கொஞ்சம் முறைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது கடைசிப் பகுதியை. நல்ல தாய்களும் குழந்தைகளும் விளையாடும்போதுகூடப் பெரும்பாலான நேரம் ஒருவர் சுருதியில் மற்றவர் இருப்பதில்லை என்று அவர் கண்டார். விலகுகிறார்கள், சேர்கிறார்கள், மறுபடி விலகுகிறார்கள். சேருவது நடக்கிறதா என்பதுதான் பிள்ளைக்குக் கணக்கு.

அதனால் பையனிடம் சேர வேண்டும். ஒரு வாரம் ஆகிவிட்டதே, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று விடாதீர்கள். அவன் மறக்கவில்லை, கண்ணை மூடியது உங்களுக்கே தெரியும். வேலை இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இவ்வளவு சொன்னால் போதும்: "அன்றைக்கு அம்மா உன்னை அடித்தது தப்பு. உனக்கு வலித்திருக்கும், பயமாக இருந்திருக்கும். சுளகு கொட்டியதில் அம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தாலும் அடித்திருக்கக் கூடாது." இங்கே நிறுத்துங்கள். நம் வாய் இங்கேதான் நிற்காது. "ஆனாலும் நீ ஏன் ஓடிவந்தாய்" என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். அந்த வால் முன்னே சொன்னதை எல்லாம் அழித்துவிடும். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டவும் வேண்டாம். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளையாடப் போய்விடலாம். போகட்டும். வீட்டுக்குள் ஓடக் கூடாது என்ற விதியை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். விதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

மாமியாரோ பெரியவர்களோ "அடியாத மாடு படியாது" என்பார்கள். மாட்டைப் பழக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அடித்துப் பழக்கிய மாடு ஆளைக் கண்டதும் மிரளும், வண்டியைக் குடைசாய்க்கும். "எங்களை எல்லாம் அடித்துத்தான் வளர்த்தார்கள், நாங்கள் கெட்டா போய்விட்டோம்?" என்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் கிடையாது. எதிர்த்துப் பேச வேண்டாம், அந்த நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.

தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது மனவருத்தம் மட்டும்தானா என்று பார்த்துவிட வேண்டும். முதலில் ரத்தம். பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. அசதி, படபடப்பு, சிடுசிடுப்பு எல்லாம் அதிலேயே வரும். நான் பார்த்த பெண்களில் எத்தனையோ பேர் எட்டு, ஒன்பது கிராமோடு "எனக்குக் குணம் சரியில்லை" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தவர்கள். பிரசவமான முதல் வருடத்தில் தைராய்டும் தடம் மாறலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு மனம். காரணமில்லாமல் அழுகை, பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமை, பசியின்மை, செத்துப்போகலாமா என்ற நினைப்பு. இவற்றில் எது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும் அது நோயாக இருக்கலாம், மருந்து உண்டு. கடைசியாகச் சொன்ன நினைப்பு ஒருமுறை வந்தாலே போதும், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு. உங்கள் ஊர் இப்போது தென்காசி மாவட்டம், ஆகையால் தென்காசி அரசு மருத்துவமனைக்கும் போகலாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று யாராவது சொன்னால் ரத்தம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அதுவும் பொய்யில்லை.

தாய்க்குப் பார்த்தால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில், என்னைப்போன்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் வீட்டுக்கே போய்ப் பேசவைத்தார்கள். 2008இல் அதன் முடிவு வெளியானது. பிரசவமாகி ஆறு மாதத்தில், அப்படிப் பழக்காத பணியாளர்கள் வெறுமனே வந்து பார்த்துப்போன தாய்மாரில் நூற்றுக்கு 53 பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். பழக்கிய பணியாளர்கள் போய்ப் பேசிய தாய்மாரில் 23 பேர். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது, தாயும் தகப்பனும் பிள்ளையோடு விளையாடிய நேரம் கூடியது. மருந்து மாத்திரை இல்லை, டாக்டர் இல்லை, உட்கார்ந்து பேசினார்கள்.

உங்கள் கணவரைப் பற்றிச் சுருக்கமாக. இரவு போனில் அவர் கேட்பது "பணம் வந்ததா, பையன் படிக்கிறானா" என்பதாகத்தான் இருக்கும். "சேட்டை தாங்கவில்லை, நீங்களே கேளுங்கள்" என்று பையனிடம் போனைக் கொடுக்காதீர்கள். அப்பா என்றால் போனில் திட்டுகிறவர் என்று ஆகிவிடும். பதிலாக, தினமும் சாயங்காலம் நாலு மணி வாக்கில் பத்து நிமிடம் பையனோடு பேசும்படி அவரிடம் கேளுங்கள். பனியன் கம்பெனியில் டீ நேரம் அதுவாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வருகிற நாளில் அவர் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவர் என்றால் இந்தப் பதில் முழுக்க வேறு மாதிரி ஆகிவிடும். தாய் அடிபடுவதைப் பார்ப்பதும் பிள்ளைக்கு விழுகிற அடிதான். 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. கூப்பிட்டால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே குடும்பத்தைத்தான் முதல் இடம் என்கிறது, விடுதியும் இல்லமும் கடைசி வழி. கை மீறிப் போகிறது, நான் இவனை என்ன செய்துவிடுவேனோ என்று ஒரு தாயே கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

தலை சீவுவதற்கு வருகிறேன். நாளைக் காலையில் பின்னாலிருந்து கையைத் தூக்காதீர்கள். அவனுக்கு எதிரே, அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் ஊற்றி அவனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சீப்பை முதலில் அவன் கையில் கொடுங்கள். அவன் கோணல்மாணலாக வகிடு எடுக்கட்டும், பிறகு "இப்போது அம்மா சீவட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கோணல் வகிட்டோடேயே பள்ளிக்கு அனுப்புங்கள். சில நாள் வேண்டாம் என்றுதான் சொல்வான்.